கேமில் திரை கிழிகிறது, விண்டோஸ் ஓயாமல் அனுமதி கேட்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

கேமராவை வேகமாகத் திருப்பினால் திரையின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு காட்சி, கீழே அதற்கு முந்தைய காட்சி. நேராக நிற்க வேண்டிய தூண் நறுக்கித் தள்ளி வைத்த மாதிரி தெரியும். இதைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலும் இன்னொரு தொல்லையும் ஒட்டிக்கொண்டு வரும். கிழிசலுக்கு மருந்து தேடி எதையோ டவுன்லோடு செய்திருப்பார்கள். அது தினமும் அனுமதி கேட்கும். கேட்பது எரிச்சல் என்று, கேட்கும் வசதியையே அணைத்திருப்பார்கள். கிழிசல் மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். கிராஃபிக்ஸ் டிரைவரை (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) தவிர வேறு எதையும் டவுன்லோடு செய்யாமலே கிழிசலைச் சரிசெய்துவிடலாம். கீழே வரும் மெனு பெயர்கள் விண்டோஸ் 11இல் உள்ளவை. விண்டோஸ் 10இல் இடம் சற்று மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

## முதலில்: இது கிழிசல்தானா?

கோடு வரும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே காட்சியை போனில் ஸ்லோ மோஷன் வீடியோவாகவும் எடுங்கள்.

போன் வீடியோவில் கோடு இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை: கிழிசல்தான். கிராஃபிக்ஸ் கார்டு முழுப் படத்தைத்தான் வரைகிறது. மானிட்டர் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த படம் நுழைந்துவிடுகிறது, அவ்வளவுதான். தொடர்ந்து படியுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டிலும் இருக்கிறது: இது கிழிசல் இல்லை. வரைவதிலேயே கோளாறு. கேம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி உங்கள் கேம் ஸ்டோரில் இருக்கும், அதை ஓட்டுங்கள். பிறகு டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்படியும் வந்தால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கோடே இல்லை, படம் திக்கித் திக்கி நகர்கிறது: அது வேறு நோய். கீழே வரும் எதுவும் அதற்குப் பெரிதாக உதவாது. வி-சிங்க் (மானிட்டர் ஒரு படத்தைக் காட்டி முடிக்கும்வரை அடுத்த படத்தைக் காக்கவைக்கும் வசதி) போட்டபின் திக்கினால் மட்டும் 'கை கனக்கிறது' என்ற பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி: எல்லா கேமிலும் கோடு

1. ரெஃப்ரெஷ் ரேட், அதாவது மானிட்டர் ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால், 'சூஸ் எ ரெஃப்ரெஷ் ரேட்' என்று இருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மாதக்கணக்கில் 60இலேயே ஓட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முன்பு சரியாக இருந்ததும் டிரைவரை மறுபடி நிறுவியபின்னோ கேபிளை மாற்றியபின்னோ 60க்குத் திரும்பிவிடுவதுண்டு. கேமுக்குள்ளும் தனியாக ஒரு ரெஃப்ரெஷ் ரேட் தேர்வு இருக்கலாம், அதையும் பாருங்கள். 59.94 என்று காட்டினால் பதற வேண்டாம், அது 60தான்.

இந்தப் பட்டியலில் 144 என்பதே இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று கணினியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மதர்போர்டில் சொருகிவிட்டு கார்டைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

2. கேமுக்குள் வி-சிங்க். ஆன் செய்து, கேமை மூடித் திறந்து பாருங்கள். கிழிசல் போய், கையிலும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் வேலை முடிந்தது. இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

3. டிரைவர் பேனல். கேமில் வி-சிங்க் ஆன், ஆனாலும் கிழிகிறது என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' பக்கத்தையோ ஏஎம்டி அட்ரினலினில் கிராஃபிக்ஸ் பக்கத்தையோ திறங்கள். அங்கே வி-சிங்க் 'ஆஃப்' என்று கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் கேமுக்குள் நீங்கள் போட்ட 'ஆன்' வெறும் அலங்காரம். எஃப்பிஎஸ் (கார்டு ஒரு நொடியில் வரையும் படங்களின் எண்ணிக்கை) கூட்டும் ரகசியம் என்று சொல்லும் வழிகாட்டிகளில் இந்த 'ஆஃப்' தவறாமல் இருக்கும். செய்தவருக்கு அது நினைவில் இருக்காது. என்விடியாவில் அதை 'யூஸ் தி 3டி அப்ளிகேஷன் செட்டிங்' என்பதற்கு மாற்றுங்கள். ஏஎம்டியில் அதன் பெயர் 'வெயிட் ஃபார் வெர்டிக்கல் ரெஃப்ரெஷ்'. 'குளோபல்' பக்கத்தோடு நிற்காமல் அந்த கேமுக்கென்று உள்ள தனிப் பக்கத்தையும் பாருங்கள், ஏனென்றால் தனிப் பக்கத்தில் உள்ளதுதான் செல்லும்.

4. டிரைவர். புதுப்பியுங்கள். கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ அதன் சொந்த மென்பொருளிலிருந்தோ மட்டும். உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழையவை என்று பயமுறுத்தும் இலவச அப்டேட்டர்கள் பக்கம் போகாதீர்கள்.

## அறிகுறி: வி-சிங்க் போட்டேன், கிழிசல் போனது, ஆனால் கை கனக்கிறது

மவுஸை நகர்த்தியபின் ஒரு கணம் கழித்துத்தான் திரை நகர்கிறது. அல்லது 60இல் ஓடிய கேம் சட்டென்று 30க்கு இறங்குகிறது.

60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். உங்கள் கார்டுக்கு 18 ஆகிறது என்றால் அந்தப் படம் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், அதாவது 33.3 வரை. அதனால்தான் 55 என்று இறங்காமல் நேரே 30இல் போய் விழுகிறது.

செலவில்லாத வழி, நிழலின் தரத்தையும் ரெசல்யூஷன் ஸ்கேலையும் ஒரு படி குறைப்பது. கார்டு 60ஐத் தாண்டி நிதானமாக நிற்கட்டும். கேமில் 'டிரிப்பிள் பஃபரிங்' இருந்தால் போடுங்கள். 30க்கு விழுவது நிற்கும், தாமதம் மட்டும் கொஞ்சம் கூடலாம். என்விடியாவில் 'அடாப்டிவ்' என்றொரு வி-சிங்க் வகை இருக்கிறது. எஃப்பிஎஸ் போதாத நேரத்தில் அது தானாக விலகிக்கொள்ளும், அந்த நேரத்தில் மட்டும் கிழியும். கதை சொல்லும் கேம்களுக்கு இது போதும் என்பது என் கருத்து.

போட்டி கேம் ஆடுகிறவர்கள் வி-சிங்கை அணைத்துவிட்டுக் கிழிசலோடு வாழ்வதும் ஒரு முடிவுதான். 240 ஹெர்ட்ஸ் திரையில் நல்ல எஃப்பிஎஸ் வந்தால் ஒவ்வொரு கிழிசலின் விலகலும் சிறிதாகி, கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. ஆனால் கிழிசலுக்காக மட்டும் பெரிய கார்டு வாங்காதீர்கள். எஃப்பிஎஸ் எவ்வளவு கூடினாலும் மானிட்டரோடு தாளம் சேராதவரை கிழியத்தான் செய்யும்.

## அறிகுறி: ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் மானிட்டர் வாங்கியும் கிழிகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான், அதிக ஏமாற்றத்தோடு வருவதும் இதுதான். மானிட்டர் தன் ரெஃப்ரெஷ் ரேட்டை கார்டின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதற்குப் பொதுப் பெயர் விஆர்ஆர். ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்கிறது, என்விடியா ஜி-சிங்க் என்கிறது. பெட்டியில் அந்தப் பெயர் அச்சிட்டிருந்தால் போதாது, மூன்று இடத்தில் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

மானிட்டரின் சொந்த மெனுவில் முதல் சுவிட்ச் இருக்கிறது. பின்னால் அல்லது அடியில் உள்ள பட்டன்களால் திறக்கும் மெனு அது. 'ஃப்ரீசிங்க்' அல்லது 'அடாப்டிவ் சிங்க்' என்று இருக்கும். பல மாடல்களில் ஆஃப் நிலையிலேயே வருகிறது.

இரண்டாவது சுவிட்ச் டிரைவர் பேனலில். என்விடியாவில் 'செட் அப் ஜி-சிங்க்' பக்கம். அங்கே 'ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும்' என்று இருந்து, உங்கள் கேம் பார்டர்லெஸ் விண்டோவில் (முழுத்திரை போலத் தெரியும் ஓரமில்லாத விண்டோ) ஓடினால் பயனில்லை. 'விண்டோவுக்கும் ஃபுல் ஸ்கிரீனுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கமே காணவில்லையென்றால் முதல் சுவிட்சும் கேபிளும்தான் சந்தேகத்துக்குரியவை. ஃப்ரீசிங்க் மானிட்டர்களில் ஜி-சிங்கை ஓட்ட என்விடியா 2019 ஜனவரியில்தான் வழி திறந்தது. அதுவும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக, ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து. பழைய எச்டிஎம்ஐ கேபிளை விட்டுவிட்டு டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறியதும் தானாகச் சரியான கணினிகள் நிறைய. இந்தப் பட்டியலில் குறைந்த செலவில் முடியும் வன்பொருள் வைத்தியம் கேபிள்தான்.

மூன்றாவது, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்ற பக்கத்தில் உள்ள 'வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட்'. சில கேம்களுக்கு மட்டும்தான் இது தேவை, ஆனால் ஆன் செய்து வைப்பதில் நஷ்டமில்லை.

மூன்றும் ஆன் என்றால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல மானிட்டர்களின் மெனுவில் தற்போதைய ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் வசதி உண்டு. கேமில் எஃப்பிஎஸ் ஏறி இறங்கும்போது அந்த எண்ணும் கூடவே ஆட வேண்டும். 144இலேயே அசையாமல் நின்றால் விஆர்ஆர் ஓடவில்லை என்று பொருள்.

எண் ஆடுகிறது, ஆனாலும் கிழிகிறதா? கோடு எப்போது, எங்கே வருகிறது என்று கவனியுங்கள்.

எஃப்பிஎஸ் எகிறும்போது வருகிறது: எஃப்பிஎஸ் மானிட்டரின் உச்சத்தைத் தாண்டுகிறது. உச்சத்துக்கு மூன்று கீழே வரம்பு போடுங்கள்: 144 என்றால் 141, 165 என்றால் 162. கேமுக்குள் வரம்பு வைக்க இடமிருந்தால் அங்கேயே வையுங்கள். இல்லையென்றால் என்விடியா பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்', ஏஎம்டியில் 'ஃப்ரேம் ரேட் டார்கெட் கன்ட்ரோல்'. தனி மென்பொருள் வேண்டாம்.

எஃப்பிஎஸ் வரம்புக்குள் இருந்தும் திரையின் மேல் ஓரத்திலோ அடி ஓரத்திலோ எட்டிப் பார்க்கிறது: ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரம் சீராக இல்லாததால் வருவது. டிரைவர் பேனலில் வி-சிங்கை ஆன் செய்யுங்கள், கேமுக்குள் ஆஃப். விஆர்ஆர் இருக்கும்போது வி-சிங்க் எதற்கு என்று கேட்பார்கள். எஃப்பிஎஸ் வரம்பும் கூட இருந்தால், முந்தைய பகுதியில் சொன்ன கனம் இங்கே வராது. ஓரத்தில் எட்டிப் பார்ப்பதை மட்டும் அது அமுக்கிவிடும்.

எஃப்பிஎஸ் இறங்கும்போது வருகிறது: மானிட்டரின் விஆர்ஆர் வீச்சைப் பாருங்கள். 48 முதல் 75 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், 48க்குக் கீழே போனதும் அது கைவிரித்துவிடும். 48 முதல் 144 போல உச்சம் அடிமட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் மானிட்டர்களில், டிரைவர் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கும். குறுகிய வீச்சுக்கு ஒரே வழி, கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்து எஃப்பிஎஸ்ஸை 48க்கு மேலே வைத்திருப்பது.

## அறிகுறி: லேப்டாப்பில் அல்லது இரண்டாவது மானிட்டரில் மட்டும்

லேப்டாப்பில் முதலில் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சில மாடல்கள் திரையை 60க்கு இறக்கிவிடும். வெளி மானிட்டர் என்றால் எந்தப் போர்ட் எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. என்விடியா பேனலின் 'பிசிக்ஸ்' பக்கத்தில் உள்ள படம் அதைக் காட்டும். மானிட்டர் ப்ராசஸரின் கிராஃபிக்ஸோடு ஒட்டியிருந்தால் இன்னொரு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டு மானிட்டர்கள் 60, 144 என்று வெவ்வேறு வேகத்தில் இருந்தால், ஒருமுறை இரண்டாவதைக் கழற்றிவிட்டு ஆடிப் பாருங்கள். சரியானால் காரணம் தெரிந்துவிட்டது. கேமை 144 மானிட்டரில் முழுத்திரையாக ஓட்டுங்கள்.

## அறிகுறி: செட்டிங் மாற்றுகிறேன், மறுபடி திறந்தால் பழையபடி இருக்கிறது

கிழிசலும் பாதுகாப்பும் முட்டிக்கொள்ளும் இடம் இது. வி-சிங்கை ஆன் செய்து, கிழிசல் போய், மறுநாள் திறந்தால் மறுபடி ஆஃப். கேமைக் குறை சொல்வார்கள். உண்மையில் கேமால் தன் செட்டிங் ஃபைலை எழுத முடியவில்லை.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷனில் 'ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆன் ஆகியிருந்தால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுத வரும் அறிமுகமில்லாத நிரல்களை அது தடுக்கும். பல கேம்கள் செட்டிங்கையும் சேமித்த ஆட்டத்தையும் அங்கேதான் வைக்கின்றன. வசதியை அணைக்காதீர்கள், அதே பக்கத்தில் 'அலோ ஆன் ஆப்' வழியாக அந்த ஒரு கேமின் எக்ஸி ஃபைலை மட்டும் சேருங்கள். சமீபத்தில் தடுக்கப்பட்டவற்றின் பட்டியலும் அங்கே கிடைக்கும், தேட வேண்டியதில்லை.

அங்கே எதுவும் இல்லையென்றால் செட்டிங் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரீட்-ஒன்லி' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ சொன்ன எஃப்பிஎஸ் வைத்தியத்தின் மிச்சம் அது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவோடு ஒத்திசைகிறதென்றால் அதைச் சற்று நிறுத்திவைத்துச் சோதியுங்கள்.

இதற்கு மருந்தாக 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' (நிரலை முழு அதிகாரத்தோடு ஓட்டுவது) என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். அடுத்த தொல்லை பெரும்பாலும் அதில்தான் பிறக்கிறது.

## அறிகுறி: ஒவ்வொரு முறை கேமைத் திறக்கும்போதும் திரை மங்கி அனுமதி கேட்கிறது

மாற்றங்கள் செய்ய இந்த ஆப்பை அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும் பெட்டியின் பெயர் யூஏசி. விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. கேமை நிறுவும்போதும், முதல்முறை திறக்கும்போதும், ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்டி-சீட் நிறுவும்போதும் ஒருமுறை கேட்பது இயல்பு. தினமும் கேட்டால்தான் கோளாறு.

முதலில் கேமின் எக்ஸி ஃபைலிலும் ஷார்ட்கட்டிலும் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'கம்பாட்டிபிலிட்டி' தாவலைப் பாருங்கள். 'ரன் திஸ் ப்ரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கேம் ஸ்டோர் மென்பொருளுக்கும் இதே சோதனை. அது அட்மினாக ஓடினால் அது திறக்கும் கேமும் அட்மினாகவே ஓடும்.

அடுத்து, 'முதல்முறை அமைப்பு நடக்கிறது' என்ற அறிவிப்பு ஒவ்வொரு முறையும் வருகிறதா? கேம் ஓடத் தேவையான டைரக்ட்எக்ஸோ விஷுவல் சி++ தொகுப்போ பாதியில் நின்றிருக்கும். ஒருமுறை 'யெஸ்' கொடுத்து, இடையில் எதையும் மூடாமல் முடிய விடுங்கள். நிற்கவில்லையென்றால் கேமின் நிறுவல் ஃபோல்டரில் உள்ள அந்தத் தொகுப்பை நீங்களே ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

எஃப்பிஎஸ் காட்டும் கருவிகள் தனி ரகம். ஆஃப்டர்பர்னர் போன்றவை வன்பொருளைத் தொடுவதால் திறக்கும்போதெல்லாம் கேட்கும். அதன் செட்டிங்ஸிலேயே விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகத் தொடங்கும், கேள்வி வராது. ஆஃப்டர்பர்னரின் பெயரில் போலித் தளங்கள் இருப்பதாக 2021இல் அதை வெளியிடும் எம்எஸ்ஐயே எச்சரித்தது. தேடல் விளம்பரத்தின் வழியாக அதை இறக்கியிருந்தால் நீக்கிவிட்டு, முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

யூஏசியின் ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். அட்மின் கணக்கில் அப்படி இறக்கினால் எது கேட்டாலும் சத்தமில்லாமல் அனுமதி கிடைத்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. திரை மங்கி கேம் மினிமைஸ் ஆவதுதான் பிரச்சினை என்றால் அடியிலிருந்து இரண்டாவது நிலை போதும். கேட்கும், ஆனால் திரை மங்காது. பாதுகாப்பு ஒரு படி குறைவு என்று தெரிந்தே செய்யுங்கள்.

பெட்டியின் மேற்பட்டை நீலமாக இருந்தால் வெளியீட்டாளரின் கையொப்பம் சரிபார்க்கப்பட்டது. மஞ்சளாக இருந்தால் யாரென்று தெரியாதது. 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' அழுத்தினால் ஃபைல் இருக்கும் இடம் தெரியும். நீங்கள் எதையும் திறக்காத நேரத்தில் மஞ்சள் பெட்டி வந்தால் 'நோ' மட்டும்தான்.

## அறிகுறி: ஓவர்லேயும் ஹாட்கீயும் ஒரு கேமில் மட்டும் செத்துவிடுகின்றன

பேசுவதற்கான பட்டன் (ஹாட்கீ) வேலை செய்யவில்லை, கேமின் மேலே மிதக்கும் எஃப்பிஎஸ் எண் (ஓவர்லே) தெரியவில்லை. அந்த கேம் அட்மினாக ஓடுகிறது, உங்கள் கருவி சாதாரணமாக ஓடுகிறது. கீழ்நிலையில் உள்ளது மேல்நிலையைத் தொட விண்டோஸ் விடாது. கருவியையும் அட்மினாக உயர்த்துவதைவிட, முந்தைய பகுதியில் சொன்ன டிக்கை எடுத்து கேமைக் கீழே இறக்குவதே சரி.

## அறிகுறி: 'விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி' என்ற நீலப் பெட்டி

இது ஸ்மார்ட்ஸ்கிரீன், இறக்கிய ஃபைல்களைச் சோதிக்கும் விண்டோஸ் வசதி. வைரஸ் என்று அது சொல்லவில்லை. இதை இன்னும் நிறையப் பேர் ஓட்டிப் பார்க்கவில்லை என்கிறது. சிறு குழுக்கள் உருவாக்கிய கேம்களுக்கும் மோட்களுக்கும் சகஜம். உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கினீர்களா, அதற்கு மட்டும் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தால் 'மோர் இன்ஃபோ', 'ரன் எனிவே'. திருட்டு கேமென்றால் அந்தப் பெட்டி சொல்வதைக் கேளுங்கள்.

நம்பகமான ஃபைல் ஒவ்வொரு முறையும் எச்சரித்தால் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் செய்யுங்கள். ஜிப்பாக இருந்தால் பிரிப்பதற்கு முன்பே ஜிப் மேலேயே செய்துவிடுங்கள், உள்ளே உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்யும் வேலை மிச்சம்.

## அறிகுறி: நண்பர்கள் என் கேமுக்குள் வர முடியவில்லை

முதல்முறை ஃபயர்வால் கேட்டபோது அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தியிருப்பீர்கள். அது 'அப்புறம் கேள்' என்று பொருள்படாது. தடுக்கும் விதி ஒன்று எழுதப்பட்டுவிடும், மறுபடி கேட்கவும் கேட்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பகுதி, 'அலோ ஆன் ஆப் த்ரூ ஃபயர்வால்', 'சேஞ்ச் செட்டிங்ஸ்'. அந்த கேமுக்கு 'ப்ரைவேட்' டிக் செய்யுங்கள். 'பப்ளிக்' வேண்டாம். வீட்டு வைஃபையே 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் அதை ப்ரைவேட்டாக மாற்றுங்கள்.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

கணினி தொடங்கும் லோகோவிலோ பயாஸ் திரையிலோ வண்ணக் கட்டங்களும் புள்ளிகளும் தெரிந்தால், வேறு கேபிளும் வேறு மானிட்டரும் மாட்டிப் பாருங்கள். அப்படியும் தெரிந்தால் கார்டின் கோளாறு. எந்த செட்டிங்காலும் சரியாகாது. மானிட்டரின் சொந்த மெனுவின் மேலேயும் அதே இடத்தில் கோடு நின்றால் பேனல் போய்விட்டது. வாரன்டி இருந்தால் எதையும் திருகிப் பார்க்காதீர்கள்.

அனுமதிப் பெட்டி விஷயத்தில், காரணமில்லாமல் வருவது நிற்கவில்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கணினி மறுதொடக்கமாகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். அதற்குப் பிறகும் வந்தால், அல்லது உங்கள் சொந்தக் கணினியில் பாதுகாப்பு செட்டிங்குகள் மங்கி 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று காட்டினால், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஆளைத் தேடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். திரையிலேயே ஒரு போன் எண் வந்து அழைக்கச் சொன்னால் அந்த எண்ணை அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் எண் இருக்காது.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது ஆரம்பத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் போன் வீடியோவையும் கொண்டுபோங்கள். அனுமதிப் பெட்டி என்றால் 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' விரித்த நிலையில் போனில் ஒரு படம். திரை மங்கியிருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது.